குசினி வாசலில் இடிபட்ட தலைகள்

எங்கள் வீட்டுக் குசினி வாசலின் உயரம் என் அம்மாவின் உயரம். அம்மா ஐந்தடிக்குக் கொஞ்சம் குறைவு. வீட்டோடு ஒட்டாமல் முற்றத்தில் தனியாகச் சமையலுக்குக் குசினி கட்டியபோது, வாசல் எவ்வளவு உயரம் வைப்பது என்று மேசன் கேட்டாராம். "நான் போய் வந்தால் காணும். உதுக்குள்ளை வேற ஆர் வரப்போயினம்?" என்று அம்மா சொன்னாராம். அந்தச் சொல்லுக்கு அளவெடுத்து, மேலே குறுக்காக ஒரு பனங்கட்டையை வைத்து வாசலை முடித்துவிட்டார்கள். பிறகு வீடு எனக்குச் சீதனமாக வந்தது. குசினியும் கட்டையும் கூடவே வந்தன. நானும் அம்மாவின் உயரந்தான். இருபத்திரண்டு வருடக் குடித்தனத்தில் என் தலை அந்தக் கட்டையில் ஒரு நாளும் பட்டதில்லை. என் கணவர் ஆறடி. அவருடைய தலையும் பட்டதில்லை, ஏனென்றால் அவர் அதற்குள் வந்ததேயில்லை.

இதில் அதிசயம் ஒன்றுமில்லை. அவர் கடற்றொழிலாளி. விடியக் கடலால் வந்து, குளித்து, விறாந்தையில் குந்தினால் சாப்பாடு தானாக முன்னுக்கு வரும். எங்கள் பக்கத்தில் முக்கால்வாசி ஆம்பிளைகளின் கதை இதுதான். குசினி வாசலைக் குனிந்து தாண்டவேண்டும் என்பதே அவர்களுக்குத் தெரியாது. அந்தச் சின்ன அறியாமை எங்கள் வீட்டில் என்ன செய்தது என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நான் எங்கள் தீவின் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் நேர்ஸ். காயங்களுக்கு மருந்து கட்டும் அறை என் ராச்சியம். ஊரின் மண்டைகள் எந்தெந்த வழியால் உடைகின்றன என்று அந்த அறையில் இருந்தால் தெரியும். கொரோனாவுக்கு முன்னர் எல்லாம் றோட்டில்தான் உடைந்தன. பட்டணத்திலிருந்து கடலின் நடுவால் வரும் நீட்டு றோட்டில் காற்று பக்கவாட்டில் அடிக்கும். பெடியள் மோட்டார் சைக்கிளைச் சரித்துச் சரித்து ஓடுவார்கள், ஹெல்மெட் கைப்பிடியில் தொங்கும். ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரம் மண்கும்பான் கடற்கரையில் குளித்துக் குடித்துத் திரும்புகிறவர்கள், நயினாதீவுப் படகைப் பிடிக்கப் பறக்கிறவர்கள், தவறணையில் கள்ளைக் குடித்துவிட்டுச் சைக்கிளில் வீட்டைத் தேடுகிறவர்கள் என்று எல்லாரும் கடைசியில் என் அறையின் மர வாங்கில்தான் வந்து படுப்பார்கள்.

தலையில் அடிபட்டவன் உளறுவான், தள்ளாடுவான், ஓங்காளித்துச் சத்தி எடுப்பான். குடித்தவனும் அதையேதான் செய்வான். இரண்டையும் பிரித்து அறிவதுதான் எங்கள் தொழிலின் முதல் பாடம். தலையை ஸ்கேன் செய்யும் மெஷின் பட்டணத்தில். என்னிடம் இருந்தது மூக்கு மட்டுந்தான். காயக்காரனுக்கு மேலே கவிழ்ந்து வாயை மணப்பேன். சாராயமா, கள்ளா, இரண்டும் கலந்ததா என்று சொல்லிவிடுவேன். ஒரு மணமும் இல்லாமல் உளறினால்தான் எனக்குப் பயம் பிடிக்கும், உடனே அம்புலன்சுக்குச் சொல்லுவேன்.

பெண்சாதிமார் கூட வருவார்கள். "இல்லை மிஸ்ஸி, இவர் குடிக்கேல்லை" என்று கையைப் பிசைவார்கள். நூற்றுக்கு நூறு பேரும் அதையேதான் சொல்லுவார்கள். "அப்ப மோட்டார் சைக்கிளோ குடிச்சது?" என்று நான் கேட்பேன். வாங்கில் இருக்கிற மற்றவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம், அது ஊருக்கே தெரியும்.

பங்குனியில் ஊரடங்கு வந்தது. றோட்டில் ஒரு குருவி இல்லை. றோட்டை மறித்துத் தடை போட்ட இடத்தில் பொலிசும் நேவியும் நிற்க, மாடுகள் தார் றோட்டில் படுத்து அசைபோட்டன. என் அறை ஒரு கிழமை, ஏழு நாளும் வெறிச்சோடிக் கிடந்தது. "இனி ஆருக்கும் மண்டை உடையாது, நாங்கள் செபமாலை சொல்லிக்கொண்டு இருக்கலாம்" என்று எங்கள் அட்டெண்டன் அக்கா சொன்னா. நானும் நம்பினேன்.

இரண்டாம் கிழமை தலைகள் வரத் தொடங்கின. இந்த முறை றோட்டிலிருந்து இல்லை, வீட்டிலிருந்து.

எனக்குத் திகைப்பாக இருந்தது. முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்த ஒரு மாஸ்டர், ஓடு மாற்றுகிறேன் என்று ஏணி வைத்து ஏறி, ஏணியோடு வந்து விழுந்தார். கந்தோர் உத்தியோகத்தர் ஒருவர் பகலில் தன் வளவுத் தென்னைக்குக் கீழே கதிரை போட்டு நித்திரை கொண்டார். அந்தத் தென்னை அவர் கந்தோரில் இருந்த பகல்களில் எல்லாம் அதே இடத்தில்தான் தேங்காய் போட்டுக்கொண்டிருந்திருக்கிறது. பாவம், அவருக்கு அது தெரியாது. ஆறு இழை போட்டேன். வீடு என்பது பத்திரமான இடம் என்றுதானே அரசாங்கமும் ரேடியோவும் சொல்லிக்கொண்டிருந்தன!

அதற்குப் பிறகுதான் குசினி வாசல்கள். ஒரே கிழமையில் மூன்று ஆம்பிளைகள் வந்தார்கள், மூன்று பேருக்கும் மயிர் தொடங்கும் இடத்தில் ஒரே மாதிரிக் குறுக்குக் காயம். மூன்றாவது ஆள் கூச்சத்தோடு சொன்னார்: "தேத்தண்ணி போடுவமெண்டு போனனான் மிஸ்ஸி. வாசல் இடிச்சுப்போட்டுது."

"வாசல் உங்களை இடிக்கேல்லை அண்ணை. நீங்கள்தான் வாசலை இடிச்சனீங்கள். இத்தனை வருஷமாய் அது உங்கைதானே நிண்டது?" என்றேன். அட்டெண்டன் அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தா.

ஆனால் அதே கிழமை இரண்டு பெண்களும் அதே சொல்லைச் சொல்லிக்கொண்டு வந்தார்கள். குசினி வாசல் இடித்ததாம். ஒருத்தி என் தோளளவு. நான் கையில் ஊசியோடு அப்படியே நின்றுவிட்டேன். பெண்களின் உயரத்துக்குக் கட்டின வாசல் பெண்களை எப்படி இடிக்கும்? மெல்ல அவளைத் தனியாகக் கூட்டிக்கொண்டுபோய்க் கதவைச் சாத்திவிட்டுக் கேட்டேன். அழுதாள். டொக்டருக்குச் சொல்லி, செய்யவேண்டியதைச் செய்தோம். அந்தப் பொய்யைக் கண்டுபிடித்தது நான் என்பதில் எனக்கு ஒரு திமிர் வந்தது. காயத்தைப் பார்த்தாலே யார் மெய் சொல்கிறார், யார் பொய் சொல்கிறார் என்று எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். அந்தத் திமிரோடுதான் ஒவ்வொரு நாளும் வீட்டுக்குப் போனேன்.

வீட்டில் நாங்கள் ஒரு ஒழுங்கு வைத்திருந்தோம். ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறவள் நான். கொரோனா வீட்டுக்குள் வந்தால் என்னோடுதான் வரும். அவருக்கு ஐம்பத்தாறு வயது. இரண்டு வருடங்களுக்கு முன்னர் நெஞ்சு வருத்தம் வந்து, அன்று தொட்டு இரத்தத்தை இளக்கும் குளிசை எடுக்கிறவர். அப்படிப்பட்டவருக்குத் தொற்றினால் தாங்குவாரா? ஆகவே நான் முன் அறைக்குப் போனேன், அதற்கு வெளியால் தனிக் கதவு இருந்தது. வேலையால் வந்து கிணற்றடியில் குளித்து, உடுப்பைச் சவர்க்காரத் தண்ணியில் ஊறப்போட்டு, நேரே அறைக்குள் போவேன். அவரும் உயர்தரம் படிக்கிற மகளும் உள்வீட்டில். இரண்டு மீற்றருக்குக் கிட்ட வரக்கூடாது என்று நான்தான் சட்டம் போட்டேன். மறந்து கிட்ட வந்தால், "எட்ட நில்லுங்கோ!" என்று கத்துவேன்.

அப்போது கடலுக்குப் போகவும் தடை. நான் வேலைக்கு, மகள் புத்தகத்துக்கு. அப்படியென்றால் சமையல் யார்? அந்த மனிசன் இருபத்திரண்டு வருடத்துக்குப் பிறகு குசினிக்குள் போனார்.

முதல் நாள் நான் முற்றத்தில் நிற்க, "டொக்" என்று ஒரு சத்தம். பனங்கட்டை. தலையைப் பிடித்துக்கொண்டு, சட்டியை விடாமல் நின்றார். எனக்குச் சிரிப்பு அடக்க ஏலவில்லை. அவரும் சிரித்தார்.

"உம்மட அம்மா எனக்கெண்டே வைச்சிட்டுப் போயிருக்கிறா" என்றார்.

"குனிஞ்சு போங்கோ. மாதா கோயிலுக்குப் போற மாதிரி."

"குனிஞ்சுதான் போறன். வரேக்கைதான் மறந்துபோறன்."

கையில் சுடுசட்டி இருந்தால் கண் சட்டியில் இருக்கும், தலை வாசலில் இருக்கும். நாளுக்கொரு தரம் அந்த "டொக்" கேட்டது. காயம் இல்லை, இரத்தம் இல்லை, ஒரு சின்ன வீக்கங்கூட இல்லை. "தலைக்கு வந்தது தலைப்பாகையோடை போச்சு" என்று நான் தூரத்தில் இருந்து சொல்லுவேன். ஒரு நாள் மட்டும் சத்தம் கொஞ்சம் பலமாகக் கேட்டது. அவர் படியில் குந்திவிட்டார். "என்ன?" என்று கேட்டேன். "ஒண்டுமில்லை, நட்சத்திரம் கண்டனான்" என்றார். பகலில் நட்சத்திரம் பார்க்கிற ஆள் என்று மகளும் நானும் இரண்டு நாள் பகிடி பண்ணினோம். அந்த நாள் எந்த நாள் என்று பிறகு டொக்டர் கேட்டபோது எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஆஸ்பத்திரியில் ஒவ்வொரு தலைக்கும் நேரம் குறித்து எழுதுகிறவள், வீட்டுத் தலைக்கு ஒன்றும் எழுதவில்லை.

மற்றபடி அந்த நாட்கள் நன்றாகத்தான் இருந்தன, உண்மையைச் சொல்லவேண்டும். முருங்கை மரத்துக்குக் கீழே ஒரு கதிரையில் என் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு எட்டப் போய் நிற்பார். நான் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டு நிற்பார். "உப்புக் காணுமோ?" என்று கேட்பார். கருவாட்டுக் குழம்பு என் குழம்பை விட நன்றாக இருந்தது. "கண்டறியாத குழம்பு" என்று பழித்துவிட்டு வழித்துச் சாப்பிடுவேன்.

இங்கே அவருடைய குடியைச் சொல்லவேண்டும். அவர் குடிப்பார். அளவோடு என்று அவர் சொல்லுவார், அளவு எது என்பதில்தான் எங்கள் சண்டை. ஆனால் தவக்காலம் தொடங்கினால் ஒரு சொட்டு வாயில் வைக்கமாட்டார். சாம்பல் பூசிய நாள் தொட்டு உயிர்த்த ஞாயிறு வரைக்கும் சத்தியம் என்றால் சத்தியந்தான். உயிர்த்த ஞாயிறு விடிந்தால், ஆண்டவர் கல்லறையால் எழும்ப முதல் இவர் தவறணைக்கு எழும்பிவிடுவார். வருடா வருடம் இதே முறை. எங்கள் கரையில் பாதிப் பேர் அப்படித்தான், பெண்சாதிமாராகிய நாங்களும் கலண்டரைப் பார்த்துத்தான் நிம்மதியும் எரிச்சலும் படுவோம்.

அந்த வருடம் கோயில் பூட்டிக் கிடக்க, பூசையைப் போனில் பார்த்தோம். உயிர்த்த ஞாயிறு போனது. தவறணை பூட்டு, சாராயக் கடையும் பூட்டு. ஆனால் பனை பூட்டவில்லையே! கள்ளு வேலிக்கு மேலால் போத்தலில் போய் வந்துகொண்டிருந்தது, எனக்குத் தெரியும்.

உயிர்த்த ஞாயிறு கழிந்து இரண்டு கிழமை இருக்கும். ஒரு நாள் தேத்தண்ணி வெறும் சுடுதண்ணியாக வந்தது, தேயிலை போட மறந்துவிட்டார். அடுத்த நாள் குழம்பில் உப்பு இரண்டு மடங்கு. பகலெல்லாம் நித்திரை. தலை இடிக்கிறது என்று மகளிடம் சொல்லியிருக்கிறார். கதைக்கும்போது சொல் கொஞ்சம் இழுபட்டது. முற்றத்தில் நடந்தபோது இடது கால் மணலை இழுத்துக்கொண்டு போனதை என் கண்ணால் பார்த்தேன். பார்த்துவிட்டு நான் நினைத்தது ஒன்றே ஒன்றுதான். தொடங்கிவிட்டார்.

"குடிச்சனீங்களோ?" என்று முற்றத்தின் இந்தப் பக்கத்தில் நின்று கேட்டேன்.

"இல்லை."

"மெய் சொல்லுங்கோ."

"நான் குடிக்கேல்லையப்பா. ஏன் சும்மா கேக்கிறீர்?"

அந்த "குடிக்கேல்லை" என்ற சொல்லை நான் எத்தனை ஆயிரம் தரம் கேட்டிருப்பேன்! அது காதில் விழுந்தவுடனேயே எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. பிள்ளைக்கு உயர்தரச் சோதனை வருகிறது, ஊரே நோயில் கிடக்கிறது, நான் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வேலைக்குப் போகிறேன், இவர் வேலிக்கு மேலால் போத்தல் வாங்குகிறார் என்று கத்தினேன். "குடிகாரன் பேச்சு விடிஞ்சாப் போச்சு" என்றேன். அவர் வலையைக் கையில் எடுத்தார். வலை பொத்துவதற்கு எடுத்த ஊசி கையால் நழுவிக் கீழே விழுந்தது. குனிந்து எடுத்தார், திரும்பவும் விழுந்தது. இருபது வயது தொட்டுக் கண்ணை மூடிக்கொண்டு வலை பொத்துகிற மனிசன்.

"அப்பாவுக்கு என்னவோ செய்யுதம்மா" என்று மகள் சொன்னாள்.

"என்ன செய்யுதெண்டு எனக்குத் தெரியும். நீ போய்ப் படி" என்றேன்.

நான் கிட்டப் போகவில்லை. ஒரு தரம், ஒரே ஒரு தரம், கிட்டப் போய் வாயை மணந்திருந்தால் போதும். ஊரில் எவன் வாயையும் கூசாமல் மணந்தவள் நான். ஆஸ்பத்திரியில் இரட்டை மாஸ்க்குக்குப் பின்னால் மூக்கு செத்துக் கிடந்தது, வீட்டில் இரண்டு மீற்றர். அந்த நோய் முதலில் மற்றவர்களின் மூக்கை எடுத்தது என்று சொன்னார்கள். எனக்கு நோய் வராமலே மூக்குப் போய்விட்டது.

இப்படிப் பத்து நாள். பத்து நாளும் நான் அவரோடு பேசவில்லை. கதிரையில் சாப்பாடு இருக்கும், எடுத்துச் சாப்பிடுவேன், சாப்பாட்டுக் கோப்பையைக் கழுவி வைப்பேன். குளிசையை மட்டும் ஒவ்வொரு நாளும் மறக்காமல் கதிரையில் வைத்தேன். இரத்தத்தை இளக்கும் குளிசை. கடமையில் குறை வைக்காத பெண்சாதி.

பதினோராம் நாள் மத்தியானம். வேலையால் வந்து கிணற்றடியில் நிற்கிறேன், உடுப்பும் மாற்றவில்லை. குசினிக்குள் சட்டி விழுந்து உடைந்த சத்தம். பிறகு மகள் "அம்மா!" என்று கத்தினாள். அந்தக் குரலை என் வாழ்நாளில் மறக்கமாட்டேன்.

ஓடினேன். அவர் வாசலுக்கு உள்ளே சரிந்து கிடந்தார். சத்தி எடுத்திருந்தார். கண் பாதி மூடியிருந்தது. "பார், பட்டப்பகலிலை குடிச்சுப்போட்டுக் கிடக்கிறார்" என்ற சொல் என் வாயில் தயாராக இருந்தது, அதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன். மாஸ்க்கைக் கழற்றி எறிந்துவிட்டுக் கவிழ்ந்தேன். நாற்பது நாளைக்கு மேலாகிவிட்டது அந்த முகத்துக்குக் கிட்டப் போய்.

வாயில் மல்லித் தண்ணி மணந்தது. மல்லியும் இஞ்சியும். கொரோனா வராது என்று ஊரெல்லாம் அவித்துக் குடித்த அதே மல்லித் தண்ணி. வேறு ஒரு மணமும் இல்லை.

 இமையைத் தூக்கிப் பார்த்தேன். ஒரு கண்ணின் மணி சின்னதாக இருந்தது, மற்றது விரிந்துபோய் வெளிச்சத்துக்கு அசையவில்லை. நேர்ஸ் படிக்கப் போன முதல் வருடமே சொல்லித் தருகிற அடையாளம் அது. மண்டைக்குள் இரத்தம். ஐயோ என்ர ஆண்டவரே, மண்டைக்குள் இரத்தம்! பனங்கட்டையில் இடிபட்டுக் கசிந்த இரத்தம் கிழமைக்கணக்காக உள்ளே சொட்டுச் சொட்டாகச் சேர்ந்திருக்கிறது. வெளியில் ஒரு வீக்கங்கூட இல்லை. குளிசையும் சேர்ந்து அதை உறைய விடவில்லை. தேயிலை மறந்ததும், உப்புக் கூடியதும், கால் இழுபட்டதும், ஊசி விழுந்ததும் ஒவ்வொன்றாக என் மண்டையில் வந்து விழுந்தன. எல்லாவற்றையும் நான் பார்த்திருக்கிறேன். எல்லாவற்றையும் பார்த்துவிட்டுத் திட்டியிருக்கிறேன்.

அம்புலன்ஸ் வந்தது. நான் உடுப்பு மாற்றாமல் அப்படியே ஏறினேன். அந்த நீட்டு றோட்டில் ஒரு வாகனமும் இல்லை. இரண்டு பக்கமும் கடல், நடுவில் நாங்கள் மட்டும். இதே றோட்டில் விழுந்தவர்கள் எத்தனை பேரை இதே அம்புலன்சில் இதே மாதிரிக் கொண்டுபோயிருக்கிறேன். இவர் வாழ்நாளில் இந்த றோட்டில் ஒரு கல்லில்கூடத் தடக்கியதில்லை. கடலில் புயலுக்குத் தப்பின மனிசன், குசினியில் தேங்காய் துருவப் போய் இப்படிக் கிடக்கிறார். அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு, பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். எங்கள் பக்கத்தில் புருசனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. இருபத்திரண்டு வருடத்தில் அன்றுதான் முதல் தரம். விரல் கொஞ்சம் அசைந்தது.

பட்டணத்து ஆஸ்பத்திரி வாசலில் தலையிலிருந்து கால்வரை மூடிக் கட்டிய ஒரு சின்ன டொக்டர் வந்தார். கண் மட்டுந்தான் தெரிந்தது. களைத்துச் சிவந்த கண். பலகையில் தாளை வைத்துக்கொண்டு கேட்டார்.

"குடிச்சவரோ?"

"இல்லை டொக்டர். குடிக்கேல்லை."

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். முப்பது வருடமாக நான் மற்றவர்களின் பெண்சாதிமாரைப் பார்த்த பார்வை அது. நான் கையைப் பிசைந்துகொண்டு நிற்பதை அப்போதுதான் கண்டேன்.

"நான் நேர்ஸ். நான் மணந்து பாத்தனான். ஒரு கண்மணி விரிஞ்சிருக்கு, இடது பக்கம் இழுபடுது, அஸ்பிரின் எடுக்கிறவர், ஒரு மாதத்துக்கு முதல் தலை அடிபட்டது" என்று மூச்சுவிடாமல் சொன்னேன். அதற்குப் பிறகு ஓடினார்கள். நேர்ஸ் என்று சொல்லாத ஒருத்தி என்ன செய்திருப்பாள் என்று இன்றும் நினைக்கிறேன். "அப்ப மோட்டார் சைக்கிளோ குடிச்சது?" என்று நான் கேட்ட ஒவ்வொருத்தியும் அந்த வாசலில் என் பக்கத்தில் நின்ற மாதிரி இருந்தது.

ஸ்கேனில் எல்லாம் தெரிந்தது. மண்டை ஓட்டில் துளை போட்டு இரத்தத்தை எடுக்கவேண்டும் என்றார்கள், கையெழுத்துப் போட்டேன். கூட நிற்க விடவில்லை. ஊரடங்கு, நோய்க் காலம், ஒருவருக்கும் அனுமதி இல்லை. வெறும் அம்புலன்சில் அந்த றோட்டால் திரும்பி வந்தேன்.

மகள் குசினிப் படியில் இருந்தாள். உடைந்த சட்டியைக் கூட்டி அள்ளியிருந்தாள். குளிக்கக்கூட நினைவில்லாமல் அவளுக்குப் பக்கத்தில் இருந்தேன். எட்டப் போ என்று அவளுக்குச் சொல்லவில்லை.

"அப்பா குடிக்கேல்லை அம்மா" என்றாள்.

"தெரியும் பிள்ளை."

"உயிர்த்த ஞாயிறுக்குப் பிறகும் குடிக்கேல்லை. நேத்தி வைச்சிருக்கிறார். கொரோனா முடியும் மட்டும் குடிக்கிறேல்லையெண்டு. உங்களுக்கு ஆஸ்பத்திரியிலை ஒண்டும் வரக்கூடாதெண்டு மாதாவுக்கு வைச்சவர். நேத்தியை வெளியிலை சொன்னால் பலிக்காதெண்டு என்னையும் சொல்ல விடேல்லை. நீங்கள் ஏசேக்கையும் சொல்லாதை எண்டுதான் சொன்னவர்."

நான் அழவில்லை. எழும்பிப் போய் வளவு மூலையில் கிடந்த இரும்பு அலவாங்கை எடுத்தேன். அம்மா அளவெடுத்துக் கட்டின அந்த வாசலின் பனங்கட்டையை இடித்தேன். ஐந்தடிக்குக் குறைந்த நான் எட்டி எட்டி இடித்தேன். சுண்ணாம்பும் கல்லும் தலையில் கொட்டின. கட்டை கழன்று விழ ஒரு மணித்தியாலம் சென்றது. பக்கத்து வீட்டார் வேலிக்கு மேலால் பார்த்தார்கள், ஒருவரும் என்னவென்று கேட்கவில்லை. மகள் என் கையால் அலவாங்கை வாங்கிய பிறகுதான் உள்ளங்கை கிழிந்திருந்தது தெரிந்தது.

மூன்றாம் நாள் வாட்டு நேர்ஸ் ஒருத்தி தன் போனில் எனக்கு எடுத்து, அவருடைய காதில் பிடித்தாள். துளை போட்ட தலையோடு, சொல்லைத் தேடித் தேடி, மெல்லக் கதைத்தார்.

"பிள்ளை சாப்பிட்டதோ?"

"ஓம்."

"நீர்?"

"ஓம், சாப்பிட்டனான்." பொய்.

 பிறகு சொன்னார்: "நான் குடிக்கேல்லை."

"தெரியும். எனக்குத் தெரியும்" என்றேன்.

"எப்ப தொட்டுத் தெரியும்?"

போனைப் பிடித்துக்கொண்டு குசினி வாசலைப் பார்த்தபடி நின்றேன். மேலே கட்டை இல்லாமல் அது வாயைத் திறந்துகொண்டு நின்றது. இந்த மனிசனுக்கு இனி ஒரு பொய்யும் சொல்ல ஏலாது என்று எனக்குத் தெரிந்தது.

"நீங்கள் விழுந்தாப் பிறகு" என்றேன்.